மேஸ்திரியின் கையும் ஒரு மெஷினின் கதையும்



பொன்விழாச் சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றியும், மூன்றாம் ஆண்டு ஸ்ட்ரைக்கைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் செட்டில் இருக்கிறார்கள். அதனால் நான் கார்ப்பென்டரி ஷாப்பைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, அது அங்கே மூலையில் நின்ற பிளேனிங் மெஷினின் வரலாறாக நீண்டுவிட்டது. பொறுத்துக் கொள்ளவும்.

முதலாண்டு ஒர்க்‌ஷாப் வகுப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆளுக்கொரு கட்டையைக் கையில் கொடுத்து 'ஹாஃப் லேப் ஜாயின்ட்' செய்யச் சொல்வார்கள். அரை நாள் இழைப்புளி தள்ளினாலும், மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். மேஸ்திரி அதை வாங்கி நான்கு தள்ளு தள்ளுவார். வெளிச்சம் போய்விடும்.

அந்த மேஸ்திரிக்கு இடது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. நடுவிரலில் பாதிதான் இருந்தது. கணக்குப் போட்டு நாம் அவருக்கு வைத்த பட்டப் பெயர் 'எட்டரை'. "டேய், எட்டரை வர்றாருடா" என்று சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவருக்கு அது தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். ஒருநாளும் கோபித்துக் கொண்டதில்லை.

பிளேனிங் மெஷினை நம்மைத் தொட விடமாட்டார். அவரேதான் ஓட்டிக் காட்டுவார். ஸ்விட்சைப் போடுமுன் அந்த இடது கையை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிப்பார். "தம்பிகளா, இது நான் முன்னாடி வேலை பார்த்த பட்டறையில போனது. அந்த மெஷின்ல சதுரத் தலை. இங்க இருக்கறது உருண்டைத் தலை. ரெண்டும் கடிக்கும். ஆனா சதுரத் தலை முழுங்கும்" என்பார்.

அவர் சொன்னதை நாம் நோட்டில் எழுதிக் கொள்ளவில்லை. பரீட்சைக்கு வராது அல்லவா? எனக்கு அது புரிய 1978 வரை ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சதுரத் தலை என்றால் என்ன, அது எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்று பார்க்கலாம்.

கையால் இழைத்த காலம்

இழைப்புளி மிகப் பழைய கருவி. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தைத் தோண்டியபோது இரும்பு அடி போட்ட ரோமானிய இழைப்புளிகள் கிடைத்தன. இன்றைய ஆசாரியின் கையில் கொடுத்தால், இது என்ன என்று கேட்கமாட்டார், வாங்கித் தள்ளிப் பார்ப்பார். உளி ஒரு கட்டைக்குள் அடங்கியிருக்கும், நூல் அளவுக்குத்தான் வாய் திறந்திருக்கும். தள்ளுவது மனிதனின் தோள். தோள் நின்றால் உளியும் நின்றுவிடும். இழைப்புளியால் விரலில் சிராய் ஏறியவர் உண்டு, கீறிக் கொண்டவர் உண்டு. விரலையே இழந்தவரை நான் கேள்விப்பட்டதில்லை.

உளியைத் தோளிலிருந்து பிரித்து ஓர் அச்சில் மாட்டிச் சுழல விட்ட நாளில்தான் நம் கதை தொடங்குகிறது.

பென்தாம் முதல் உட்வொர்த் வரை

இங்கிலாந்தில் சாமுவேல் பென்தாம் என்று ஒருவர் இருந்தார். தத்துவ அறிஞர் ஜெரமி பென்தாமின் தம்பி. ரஷ்யாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 1791-ல் ஊர் திரும்பினார். அதே ஆண்டு இழைக்கும் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். அது பெரிய இழைப்புளியை இயந்திர விசையால் முன்னும் பின்னும் தள்ளும் ஏற்பாடு. 1793-ல் அவர் வாங்கிய இன்னொரு காப்புரிமையில் சுழலும் வெட்டிகள் வந்துவிட்டன.

இந்த மெஷின்களை அவர் யாருக்காக யோசித்தார் என்பது கவனிக்கத் தக்கது. அண்ணன் ஜெரமி அப்போது 'பனாப்டிகன்' என்ற புதுவகைச் சிறைச்சாலைக்குத் திட்டம் போட்டுக் கொண்டிருந்தார். அந்தச் சிறையில் இருக்கும் கைதிகளைக் கொண்டு மரவேலை செய்விப்பதே தம்பியின் எண்ணம். கைதிக்குத் தொழில் தெரியாது. ஆகவே தொழில் தெரியாதவனும் ஓட்டக்கூடிய மெஷின் வேண்டும். கைத்திறன் இல்லாமலே வேலை நடக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்தார்கள். அந்தக் கைக்கு என்ன காவல் என்ற கேள்வி எழ இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1802-ல் ஜோசப் பிராமா (ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு நாம் படித்த அதே பிராமா) ஒரு பெரிய இழைப்பு மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். செங்குத்தான அச்சு, அதன் அடியில் கிடையாக ஒரு சக்கரம், சக்கரத்தில் வரிசையாக வெட்டிகள். லண்டனை அடுத்த உல்விச் ஆயுதக் கிடங்கில் அது வேலை செய்தது. 1827-ல் கிளாஸ்கோவின் மால்கம் மியூர் தரைப் பலகை இழைக்கும் மெஷினைக் கொண்டுவந்தார்.

அடுத்த ஆண்டே, 1828 டிசம்பரில், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் உட்வொர்த் தன் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். கிடையாகச் சுழலும் வெட்டித் தலை, பலகையை அமுக்கிப் பிடித்து உள்ளே தள்ளும் உருளைகள் என்று இன்றைய திக்னசரின் சாயல் அதில் இருந்தது. உட்வொர்த் 1839-லேயே இறந்துவிட்டார். காப்புரிமை மட்டும் நீட்டித்து நீட்டித்து 1856 வரை ஓடியது. உரிமையை வாங்கியவர்கள் ஊர் ஊராகப் பிரித்து விற்றார்கள். வழக்குகள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயின. காசுக்காக அத்தனை வழக்கு!

உட்வொர்த் வகை மெஷினில் பலகையை உருளை இழுத்துக் கொள்ளும், கை தூரத்தில் இருக்கும். ஆனால் கோணலான பலகையை முதலில் ஒரு பக்கம் நேராக்க வேண்டும் அல்லவா? அதற்கு வேறு மெஷின் வந்தது. இரண்டு மேசைகள், நடுவில் ஒரு பிளவு, பிளவில் சுழலும் தலை. பலகையைக் கையால் அமுக்கி அதன்மேல் தள்ள வேண்டும். நம் ஷாப்பில் நின்றது இதுதான். இங்கேதான் கையும் தலையும் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

சதுரம் ஏன் முழுங்கியது?

அந்தக் காலத்துத் தலை சதுர இரும்புக் கட்டை. அதன் பக்கங்களில் கத்தியை வைத்து போல்ட் போட்டு இறுக்கினால் தீர்ந்தது. செய்வது சுலபம், விலையும் மலிவு. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அதுவே ஓடியது.

ஒரு சதுரத்தை வரைந்து அதைச் சுற்றி, மூலைகளைத் தொடும்படி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். சதுரத்தின் பக்கத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே நான்கு வெற்றிடங்கள் தெரியும். மெஷின் ஓடும்போது கத்தி முனை போவது வட்டத்தில். ஒரு கத்தி கடந்து அடுத்தது வருவதற்குள் அந்த வெற்றிடம் மேலே வாயைத் திறக்கிறது. மேலே இருப்பது மரம் என்றால் கவலையில்லை, மரம் விறைப்பாக நிற்கும். விரல் மெத்தென்றது. அமுக்கிய வேகத்தில் அந்தக் குழிக்குள் இறங்கிவிடும். அடுத்த கத்தி வரும்போது அது இருக்கும் இடம் விரலின் நுனி அல்ல, கணு. நிமிஷத்துக்கு 4,000 சுற்று, இரண்டு கத்தி என்றால் வினாடிக்கு 130 வெட்டுக்கு மேல். கையை இழுத்துக் கொள்ள அவகாசம் ஏது?

உருண்டைத் தலையில் இந்தக் குழி இல்லை. உருளையில் குறுகலான காடி வெட்டி, அதற்குள் கத்தியை வைத்து ஆப்பு போன்ற இரும்பால் இறுக்குவார்கள். வெளியே நீட்டிக் கொண்டிருப்பது சுமார் 1 மில்லிமீட்டர் கத்திதான். உருளையின் உடம்பே விரலை மேலே தாங்கிக் கொள்கிறது. காயம் படும், ரத்தம் வரும், சதை போகும். ஆனால் விரல் உள்ளே இறங்காது. மேஸ்திரி இரண்டே வார்த்தையில் சொன்னதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சட்டம் வந்த வழி

ஜெர்மனியில் 1884-ல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஒரே தொழிலைச் சேர்ந்த முதலாளிகள் சங்கமாகச் சேர்ந்து, அடிபட்டவருக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. பணம் கட்டுகிறவன் மெஷினை உற்றுப் பார்ப்பது இயற்கைதானே! இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உருண்டைத் தலைகள் விற்பனைக்கு வந்தன, மெல்ல மெல்ல உலகெங்கும் பரவின. பிரிட்டனில் 1922-ஆம் ஆண்டு மரவேலை மெஷின் விதிகள், கையால் தள்ளி இழைக்கும் மெஷினில் உருளை வடிவத் தலைதான் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. மேலே பாலம் போல் நின்று தலையை மூடும் தடுப்பும் வேண்டும் என்றன.

நம் நாட்டில் 1923-ல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது. 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அதன்கீழ் மாநிலங்கள் போட்ட விதிகளில் மரவேலை மெஷின்களுக்கென்று ஓர் அட்டவணை இருந்தது. அதிலும் ஏறக்குறைய அதே வாசகம்: உருளைத் தலை இல்லாவிட்டால் கையால் இழைக்கக் கூடாது.

1978

நான் படிப்பு முடித்து, கோவைப் பக்கம் ஒரு சிறிய ஃபவுண்டரியில் சேர்ந்தேன். பதினைந்து பேர் வேலை செய்யும் இடம். பம்புக்கு வேண்டிய வார்ப்புகள் செய்தோம். வார்ப்புக்கு முன்னால் மரத்தில் அச்சு செய்ய வேண்டும். பேட்டர்ன் ஷாப்பில் ஏலத்தில் எடுத்த ஒரு பழைய பிளேனிங் மெஷின் இருந்தது. சேர்ந்த முதல் வாரமே பார்த்துவிட்டேன். சதுரத் தலை. மேலே தடுப்பும் இல்லை.

மேஸ்திரியின் கை ஞாபகம் வந்தது. முதலாளியிடம் சொன்னேன். "பத்து வருசமா ஓடுதுங்க, ஒண்ணும் ஆனதில்லை. வேணும்னா புதுத் தலைக்கு விலை கேட்டுப் பாருங்க" என்றார். அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விலை கேட்டு எழுத வேண்டியது நான். இந்த மாதம் டெலிவரி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். அப்படியே பதினான்கு மாதம் போயிற்று.

ஒருநாள் மாலை, ஷிஃப்ட் முடிய அரை மணி இருக்கும்போது, எங்கள் பேட்டர்ன் மேக்கர் ஆறங்குல நீளத் தேக்குத் துண்டை இழைத்துக் கொண்டிருந்தார். அச்சு வேலையில் இப்படிச் சின்னத் துண்டுகள் நிறைய வரும். துண்டில் ஒரு கணு இருந்தது. கத்தி கணுவில் மோதியதும் துண்டு எகிறிப் போய்விட்டது. அமுக்கிக் கொண்டிருந்த கை கீழே இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு, நடுவிரலில் ஒரு கணு.

நஷ்ட ஈட்டுப் படிவத்தை நிரப்பியது நான். சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருந்தது. எந்த விரலில் எவ்வளவு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவிகித இழப்பு என்று அதில் கண்டிருந்தது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவுக்கு 11. நடுவிரலில் ஒரு கணுவுக்கு 7. கூட்டி 18 என்று எழுதினேன். 'விபத்துக்கான காரணம்' என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது, "என் மேலதான் தப்புங்க சார். கொஞ்சம் பார்த்துத் தள்ளியிருக்கோணும்ங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

கவனக்குறைவு என்று எழுதியதால் அவருக்குப் பணம் குறையவில்லை. கவனக்குறைவு ஒன்றை மட்டும் காட்டி நஷ்ட ஈட்டை மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் மெஷின் தப்பித்துக் கொண்டது, நானும் தப்பித்துக் கொண்டேன். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். உருளைத் தலை பற்றிய அந்த ஒரு வரி அங்கே அச்சில் இருந்தது. கவனம் என்ற பேச்சே அதில் இல்லை. இரும்பின் வடிவம் பற்றித்தான் இருந்தது.

மனிதன் ஒருநாள் கவனம் தவறுவான். ஷிஃப்ட் முடியும் நேரத்தில், வீட்டு ஞாபகத்தில், கணு வரும் இடத்தில் தவறுவான். தவறும் அந்த வினாடிக்கு எவ்வளவு விலை என்பதைத் தலையின் வடிவம் முடிவு செய்கிறது. சதுரத் தலை காலத்தில் விரல் இழந்தவர்களில் எத்தனை பேரின் படிவத்தில் இதே வார்த்தையை எழுதியிருப்பார்கள்! விபத்துக்குப் பிறகு உருண்டைத் தலையும் தடுப்பும் வாங்கிப் போட்டோம். ஆஸ்பத்திரிச் செலவைவிட விலை குறைவாகத்தான் இருந்தது.

மேஸ்திரியின் பாடம்

உருண்டைத் தலை வந்ததால் பயமில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். கடிக்கும் என்று மேஸ்திரி சொன்னது இன்றும் உண்மை. நம் செட்டில் சிலர் ஓய்வு பெற்றபின் வீட்டிலேயே சின்னப் பட்டறை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்காக மேஸ்திரி சொன்னவற்றை நினைவிலிருந்து தருகிறேன். காரணங்கள் நான் பிறகு கற்றுக் கொண்டவை.

"ஒரு முழத்துக்குக் குறைஞ்ச கட்டையைக் கையால தள்ளாதே." துண்டு சிறிதானால் அது மேசையில் நிலையாகப் படுத்திராது, கையும் தலைக்கு அருகில் வந்துவிடும். 300 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைக் கையால் தள்ள வேண்டாம் என்பது இன்று பலரும் சொல்லும் கணக்கு. மேஸ்திரியின் முழம் அதைவிடப் பத்திரம். சின்னத் துண்டு வேண்டுமானால் நீளமாக இழைத்துவிட்டுப் பிறகு அறுத்துக் கொள்ளுங்கள்.

"கட்டை தலைக்கு மேலே போகட்டும், கை போகக் கூடாது." தள்ளுவதற்குப் பிடி வைத்த தள்ளுக்கட்டை ஒன்று செய்து வைத்துக் கொள்ளுங்கள். முன்பக்கம் பலகை ஏறியதும் கையை எடுத்து, தலையைத் தாண்டி அந்தப் பக்க மேசையில் வைத்து அமுக்க வேண்டும்.

"மரத்தைப் படிச்சுட்டுத் தள்ளு." இழை ஓடும் திசை, கணு, பழைய மரத்தில் ஆணி. எதிர் இழையில் தள்ளினால் மரம் பெயரும், உதைக்கும். ஒரே தள்ளில் நிறைய எடுக்க ஆசைப்படாதீர்கள். 1 மில்லிமீட்டர் போதும்.

"துண்டு, கயிறு, காப்பு எல்லாம் வெளியே." கையுறையும் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துப் போடுகிறார்கள். கத்தி நூலைப் பிடித்தால் கையையே சேர்த்து இழுத்துவிடும். கோயிலில் கட்டிய மணிக்கட்டுக் கயிறாக இருந்தாலும் மெஷினுக்கு அது கயிறுதான்.

"சத்தம் நின்னாலும் தலை நிக்கலை." ஸ்விட்சை அணைத்த பிறகும் தலை சில வினாடிகள் சுற்றிக் கொண்டே இருக்கும். வேகமாகச் சுழலும் உருளை பார்வைக்குச் சும்மா நிற்பது போலவே தெரியும். கத்தி மாற்றுவதானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்.

மேஸ்திரி சொல்லாத ஒன்றையும் சேர்த்துக் கொள்கிறேன். மூக்கை மூடிக் கொள்ளுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-ல் வகைப்படுத்திவிட்டது. நாம் அதை ஊதி ஊதி விளையாடினோம்!

முடிவாக

சந்திப்பு ஏற்பாடுகளுக்காகச் சில மாதங்களுக்கு முன் கல்லூரிக்குப் போனபோது கார்ப்பென்டரி ஷாப்பை எட்டிப் பார்த்தேன். புது மெஷின் வந்திருக்கிறது. உருண்டைத் தலையிலேயே சின்னச் சின்னச் சதுரக் கார்பைடு வெட்டிகளைச் சுருள் வரிசையில் பதித்திருக்கிறார்கள். பழைய மெஷின் போல ஊளையிடுவதில்லை. நல்ல மெஷின். ஆனால் அதன் தடுப்பைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தார்கள். "வேலைக்கு இடைஞ்சலா இருக்கு சார்" என்றார் அங்கிருந்த இளைஞர்.

நான் அவரிடம் சட்டம் பேசவில்லை. எட்டரை என்று நாம் கூப்பிட்ட ஒருவரைப் பற்றிச் சொன்னேன். 18 என்று நான் கூட்டி எழுதிய கணக்கையும் சொன்னேன். அவர் ஸ்பேனரை எடுத்து வந்தார். இருவருமாகச் சேர்ந்து தடுப்பை மாட்டிவிட்டு வந்தோம்.

சந்திப்புக்கு வரும் நண்பர்கள் அந்தப் பக்கம் போனால், அது இன்னும் மெஷினில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். மேஸ்திரிக்கு நாம் செலுத்த வேண்டிய பாக்கி அவ்வளவுதான்.